ஊக்கு குத்திய பக்கம்

விமர்சகர் என்றதும் மூக்குக் கண்ணாடியும் தோளில் துணிப்பையுமாக ஒருவர் நம் கண்முன் வந்து நின்றால், அது நம் கோளாறு. கீதாவுக்குக் கண் நன்றாகத் தெரியும், பையும் கிடையாது. பனையோலையில் முடைந்த பறி ஒன்றுதான் உண்டு. அதன் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, பழவேற்காடு ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில் முட்டிபோட்டு நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பது அவள் பிழைப்பு. பொன்னேரியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெளிவரும் ‘அப்பால்வெளி’ பத்திரிகையில் விஞ்ஞானக் கதைகளுக்கும் மாயாஜாலக் கதைகளுக்கும் விமர்சனம் எழுதுகிறவளும் அவளேதான்.

அந்தப் பத்திரிகையை நடத்துகிற சின்னப்பன் பொன்னேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். முந்நூறு பிரதி அடிப்பார். விற்காததை வீட்டுப் பரணில் ஏற்றுவார். பரண் கொள்ளாமல் போன ஒரு நாள், அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து, அவர் மனைவி ஒரு கட்டைப் பழைய பேப்பர்க்காரனுக்குத் தூக்கிப் போட்டுவிட்டாள். அது சுற்றிக்கொண்டு பழவேற்காட்டில் இறால் எடுக்கிற ஏஜெண்டு கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. தோணிரேவுக்குப் பக்கத்துக் காலனியில் பன்னிரண்டாவது முடித்த ஒரே மருமகள் கீதா. பொட்டலம் கட்டக் கிழிக்கப் போன இதழை அவள் கேட்டு வாங்கிவந்து படித்தாள். படித்துவிட்டு ஒரு கார்டு போட்டாள்: “முப்பத்தோராம் பக்கத்துக் கதையில் வேற்றுக் கிரகத்துக்காரனுக்கு ஆறு கை. கதை முழுக்க இரண்டு கையால்தான் எல்லா வேலையும் செய்கிறான். மீதி நாலு கை எதற்கு?”

இரண்டு வருஷமாக ஒரு வாசகர் கடிதமும் வராத மனிதர் சின்னப்பன். கார்டைக் கையில் வைத்துக்கொண்டே பஸ் ஏறி வந்துவிட்டார்.

இப்படித்தான் ‘கரையேறிய பின்’ என்ற பகுதி தொடங்கியது. அது கீதா ஒருத்தியின் தலையிலிருந்து வருவதாகச் சின்னப்பன் முதலில் நினைத்துக்கொண்டு அவள் பெயரை மட்டும் போட்டார். இதழ் வந்த அன்று இருசம்மாள் அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “என் பேரு எங்கடி?” என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் பெயர் அங்கே இல்லை என்பது மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. அடுத்த இதழிலிருந்து நாலு பெயர் வந்தது.

நாலு பேரும் ஒன்றாக இறால் தடவப் போகிறவர்கள். இருசம்மாள் கீதாவின் ஓரகத்தி, புருஷனின் அண்ணன் பெண்டாட்டி. எல்லம்மா பக்கத்து வீடு, வாய் கொஞ்சம் நீளம். வளர்மதி கல்யாணமாகி வந்து ஐந்து வருஷம் ஆனவள், எல்லாவற்றுக்கும் சிரிப்பாள்.

அவர்கள் வைத்திருந்த முறை இதுதான். விடிந்ததும் ஏரிக்கு நடக்கிற முக்கால் மணி நேரத்தில் கீதா ஒரு கதையைச் சொல்வாள். கடைசிப் பக்கத்தை மட்டும் வீட்டிலேயே ஊக்கு குத்தி மூடியிருப்பாள். அதை அவளும் படித்திருக்க மாட்டாள். தான் மட்டும் படித்துவிட்டுப் பிறரை யோசிக்கச் சொல்வது கள்ளாட்டம் என்பது அவள் கட்சி. கரை வந்ததும் கதை நிற்கும். சாப்பாட்டுத் தூக்கு, போன், பத்திரிகை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கரையில் வைக்கப்படும். பறிக் கயிறு வாய்க்குப் போகும். அதற்கப்புறம் நாலு மணி நேரம் நாலு பேருக்கும் வாய் கிடையாது. கை சேற்றில் இருக்கும், மனசு கதையில் இருக்கும். வெயில் ஏறிக் கரைக்கு வந்து கயிற்றைத் துப்பிய பிறகு ஒவ்வொருத்தியும் தன் தன் முடிவைச் சொல்வாள். பிறகுதான் ஊக்கு கழலும்.

நாலு பேரும் சொன்ன முடிவையே எழுத்தாளனும் எழுதியிருந்தால் கதை தோற்றது. யாரும் சொல்லாத முடிவு வந்து, கேட்டதும் நாலு பேரும் சும்மா உட்கார்ந்துவிட்டால் ஜெயித்தது. யாரும் சொல்லாத முடிவு வந்து, எல்லம்மா “போடா டுபாகூர்” என்றால் அது மூன்றாவது ரகம். பத்திரிகைக்கு வருகிற கதைகளில் மூன்றாவது ரகம்தான் அதிகம் என்று கீதா ஒரு தடவை எழுதிவிட, சின்னப்பன் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

தண்ணீருக்குள் யாருக்காவது முடிவு தோன்றிவிட்டால் அடக்க முடியாது. வளர்மதி ஒரு நாள் கயிற்றைக் கடித்தபடியே உளறப் போக, மற்றவர்கள் சிரித்து, பறி கவிழ்ந்து, பிடித்த இறாலெல்லாம் ஏரிக்கே போனது. அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு: தோன்றினால் கையைத் தூக்கலாம். பேச்சு கரையில்தான்.

இருசம்மாள் மட்டும் கை தூக்கியதே இல்லை. கரையேறிய பிறகும் கடைசியாகத்தான் வாயைத் திறப்பாள். பாதி நாள் “எனக்கு இன்னாத்த தெரியும்” என்று புடவையைப் பிழிவாள். ஆனால் ஊக்கைக் கழற்றிப் படித்து முடித்ததும் தீர்ப்பு அவளிடமிருந்துதான் வரும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவிக்கு ஒரு இயந்திரம் பணிவிடை செய்கிற கதை ஒன்று வந்தது. கடைசியில் கிழவி செத்ததும் இயந்திரத்தின் கண்ணில் தண்ணீர் வந்து அது மனுஷனாகிவிடும். வளர்மதி மூக்கைச் சிந்தினாள். இருசம்மாள் சொன்னாள்: “அயுதாதான் மனுசனா? அவளுக்குக் கஞ்சி ஊட்டி வாயத் தொடச்சி வுட்டுச்சே, அப்பவே ஆயிடுச்சே. அப்பறம் எதுக்கு இந்த அயுகாச்சி?” கீதா அதை அப்படியே எழுதினாள். அந்த எழுத்தாளர் கோபத்தில் மூன்று பக்கம் பதில் போட்டார். பிறகு கதையைப் புத்தகமாகப் போட்டபோது சத்தமில்லாமல் கண்ணீரை எடுத்துவிட்டார்.

இருசம்மாளுக்கு ஒரே மகள், பவித்ரா. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே ஹாஸ்டலில் தங்கல். தன் பெயர் அச்சில் வந்ததும் இருசம்மாள் சின்னப்பனிடம் கேட்ட ஒரே உதவி, மகளுடைய ஹாஸ்டலுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்பதுதான். நாலு வருஷமாக அது போய்க்கொண்டிருந்தது. பவித்ரா அதைப் படித்தாளா, மூலையில் போட்டாளா என்று யாருக்கும் தெரியாது. இருசம்மாள் சாயங்காலம் சாயங்காலம் மகளுக்குப் போன் போடுவாள். பாதி நாள் அந்தப் பக்கம் எடுக்காது. எடுத்தால் இரண்டு வார்த்தை. பேசி முடித்தாலும் இவளாக வைக்க மாட்டாள். அந்தப் பக்கம் வைத்து, போன் தானாக அணையும்வரை காதிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள்.

“இன்னாக்கா, அதான் கட்டாயிடுச்சே” என்பாள் கீதா.

“இருக்கட்டும்டி. இன்னா அவசரம்.”

போன கார்த்திகையில், மழை விட்டு நாலாம் நாள், ஏரி கலங்கிக் குளிர்ந்து கிடந்தது. இறால் நன்றாக விழுகிற நேரம் அது. கீதா அன்றைக்கு எடுத்துப்போன கதையை இருசம்மாளுக்காகவே பொறுக்கியிருந்தாள்.

கதை இதுதான். ஒரு பெண் தூரத்துக் கிரகம் ஒன்றில் குடியேறப் போய்விடுகிறாள். அவள் அம்மா இங்கே பூமியில். இங்கிருந்து ஒரு செய்தி அங்கே போகப் பதினோரு வருஷம். பதில் வர இன்னொரு பதினோரு வருஷம். பதில் வரும்வரை ஒரு ஆளுக்கு ஒரே ஒரு வரிதான் அனுப்ப முடியும். ஊரே கூடி அந்த அம்மாவுக்கு யோசனை சொல்கிறது. அங்கே கடவுள் உண்டா என்று கேள் என்கிறார் ஒருவர், சாவு உண்டா என்று கேள் என்கிறார் இன்னொருவர். அவள் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு, பெட்டியின் முன் உட்கார்ந்து, “சாப்பிட்டாயா?” என்று அனுப்பிவிடுகிறாள். இருபத்திரண்டு வருஷம் கழிகிறது. கிழவியாகிவிட்டாள். ஒரு நாள் பெட்டியில் விளக்கு எரிகிறது. அந்த இடத்தில் ஊக்கு.

இருசம்மாள் நடந்துகொண்டே கேட்டாள்: “அத்தினி வருசம் அவ இன்னா பண்ணிக்கினு இருந்தா?”

“சோறாக்கிக்கினு இருந்தா. வேற இன்னா பண்ணுவா?” என்றாள் எல்லம்மா.

இருசம்மாள் சிரித்தாள். போனை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கவரில் போட்டுக் கட்டினாள். தண்ணீரில் இறங்கினார்கள்.

ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். எல்லம்மாவும் வளர்மதியும் முதுகைக் காட்டிக்கொண்டு கோரைப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். கீதா நிமிர்ந்தபோது, கொஞ்ச தூரத்தில் இருசம்மாளின் கை மேலே போனது.

கீதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாலு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தூக்காதவள் தூக்கிவிட்டாள்! இந்தக் கதை அக்காவைப் பிடித்துவிடும் என்று நேற்றே தெரியுமே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. கயிறு வாயில் இருந்ததால் உள்ளங்கையைக் காட்டினாள்: பொறு, கரையில் சொல்லு. இருசம்மாள் கையை இறக்கவில்லை. கயிற்றைக் கடித்தபடி “ம்... ம்...” என்று என்னவோ சொன்னாள். அக்கா அவசரப்பட்டு முடிவை உடைத்துவிடப் போகிறாளே என்று கீதா விரலை ஆட்டி மிரட்டிவிட்டு, கண்ணால் சிரித்துவிட்டு, திரும்பிக்கொண்டாள். திரும்பியது மட்டுமில்லை. அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்க, வேண்டுமென்றே இன்னும் பத்தடி தள்ளிப் போய்த் தடவினாள்.

பறி தனியாக மிதந்து வருவதை எல்லம்மாதான் முதலில் பார்த்தாள். இருசம்மாள் எதை விட்டாலும் பறியை விடுகிறவள் இல்லை. கயிற்றைத் துப்பிவிட்டு மூன்று பேரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். தண்ணீரில் ஓட்டம் என்ன ஓட்டம். கரைக்கு இழுத்து, லோடு ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சுவலி என்றார் டாக்டர். எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டார்.

“இப்பதான் சார், இப்பதான்” என்றாள் கீதா.

பவித்ரா கம்பெனிச் சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினாள். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். புதைத்துவிட்டு வந்த பிறகு கேட்டாள்: “அம்மா உங்கள கூப்டவே இல்லியா சித்தி?”

“வாயில கயிறு இருந்துச்சேம்மா. எப்டிக் கூப்புடுவா?”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மொத்தமும் பொய் என்பது கீதாவுக்குத் தெரியும். பவித்ரா தலையை ஆட்டினாள். இரண்டு நாளில் லீவு முடிந்து கிளம்பிப் போனாள். போகும்போது, “நைனாவ பாத்துக்கங்க சித்தி” என்று கீதாவின் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். அந்தக் கையைக் கீதா வெகுநேரம் என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

இருபது நாள் ஏரிக்குப் போகவில்லை. வயிறு விடுமா, பிறகு போனார்கள். நடையில் கதை இல்லை. ஒரு நாள் கரையில் புடவையைப் பிழிந்துகொண்டே எல்லம்மா சொன்னாள்: “அந்தப் பொட்டிக் கதைய அந்தரத்துல வுட்டுட்டியேடி. ‘சாப்ட்டேம்மா, நீ சாப்ட்டியா’ன்னு வந்திருக்கும். அதான் என்னுது.”

வளர்மதி சொன்னாள்: “பொண்ணு செத்திருக்கும்க்கா. அதோட பொண்ணு பதில் போட்டிருக்கும். ‘நீங்க யாரு’ன்னு கேட்டிருக்கும்.” இப்போதெல்லாம் அவள் சிரிப்பதில்லை.

கீதாவும் சொன்னாள்: “மீன் கொழம்புக்குப் புளி எவ்ளோ போடணும்னு கேட்டிருப்பா. திரும்ப ஒரு இருவத்திரண்டு வருசம்.”

பிறகு மூன்று பேரும் பழக்க தோஷத்தில் நாலாவது குரலுக்காகக் காத்திருந்தார்கள். ஏரியில் காற்று மட்டும் இருந்தது. எல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஊக்கை யாரும் தொடவில்லை.

தை இதழுக்கு நாளாகிவிட்டது என்று சின்னப்பன் போன் செய்தார். “மூணு பேரு முடிவை வெச்சு எழுதிக் குடும்மா. அந்தம்மாவுக்கு ஒரு அஞ்சலி மாதிரி இருக்கட்டும்” என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அஞ்சலி என்ற வார்த்தை கீதாவுக்கு எரிந்தது. கையைத் தூக்கியவளுக்கு முதுகைக் காட்டிவிட்டு, இப்போது பத்திரிகையில் பூ வைப்பதா?

எழுதாமலே விட்டிருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. எழுதினால் பவித்ரா படிக்கக்கூடும், படித்தால் சித்தி என்று கூப்பிட இனி ஆள் இருக்காது. ஆனால் நாலு வருஷமாக அந்த ஒரு பக்கத்தில் மட்டும் அவள் யாருக்காகவும் ஒன்றையும் மாற்றிச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத எழுத்தாளர்களின் பொய்யையெல்லாம் எண்ணி எண்ணிக் காட்டியவள், தன்னுடையதை முழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள் மத்தியானம் எழுதினாள்:

“இந்தக் கதைக்கு எங்களிடம் மூன்று முடிவுகள் உள்ளன. நாலாவது கிடைக்கவில்லை. கதை சொன்ன அன்று தண்ணீரில் இருசம்மாள் கையைத் தூக்கினாள். முடிவு தோன்றிவிட்டது என்று நினைத்தேன். பொறு என்று கை காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அவளுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. டாக்டரிடமும் அவள் மகளிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. நாலு பேரும் சொல்லாமல் கடைசிப் பக்கத்தைப் பிரிப்பது எங்கள் வழக்கம் இல்லை. ஆகவே கதை நன்றாக இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது.”

சின்னப்பன் படித்துவிட்டு உடனே கூப்பிட்டார். “இதைப் போடணுமாம்மா? ஊர்ல நாலு பேர் படிச்சா இன்னா நெனைப்பாங்க?”

“ஊர்ல யார் சார் உங்க புக்கைப் படிக்கறாங்க? ஒரகடத்துக்கு ஒரு காப்பி போவுது இல்ல, அது போவட்டும்.”

இதழ் வந்தது. பொங்கல் வந்து போனது. பவித்ரா பொங்கலுக்கு வரவில்லை. கீதா தினமும் கரையேறியதும் கவரைப் பிரித்து முதலில் போனைப் பார்த்தாள், இருசம்மாள் பார்த்ததைப் போலவே. அடிக்க வரட்டும், காறித் துப்பட்டும், எதுவாவது வரட்டும் என்று இருந்தது அவளுக்கு. ஒன்றும் வரவில்லை.

மாசி பிறந்த பிறகு ஒரு மத்தியானம், ஈரப் புடவையோடு கரையில் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

“சித்தி.”

“சொல்லும்மா.”

“புக்கு வந்துச்சி. அன்னிக்கே வந்துச்சி.”

“திட்டிடு பவித்ரா. வாயில வரத சொல்லித் திட்டிடு. நான் கேட்டுக்கறேன்” என்றாள் கீதா.

பவித்ரா திட்டவில்லை. “அது இன்னா கத சித்தி? புக்குல கத இன்னான்னே சொல்லாம வுட்டுட்டீங்க. சொல்லுங்க” என்றாள்.

கதை வந்த முந்தைய இதழை அவள் பிரிக்காமல் எங்கோ போட்டிருக்க வேண்டும். கீதா சொன்னாள். எல்லம்மாவும் வளர்மதியும் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். பதினோரு வருஷம், ஒரே ஒரு வரி, ஊரார் யோசனை, சாப்பிட்டாயா என்ற கேள்வி, கிழவி, பெட்டியில் விளக்கு. ஊக்கு குத்திய இடத்தில் நிறுத்தினாள். அந்தப் பக்கம் ஹாஸ்டலில் யாரோ பக்கெட் வைக்கிற சத்தம் கேட்டது.

“அம்மா இன்னா சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரில சித்தி” என்றாள் பவித்ரா. “நான் சொல்லட்டுமா? பொட்டில ஒண்ணும் இருந்திருக்காது. லைட்டு சும்மா எரிஞ்சிருக்கும். அந்தப் பொண்ணு பதிலே போட்டிருக்காது.” நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “அம்மா போனதுக்கு மொத நாளு மூணு வாட்டி போன் பண்ணாங்க. ஷிப்ட்டுலாம் இல்ல. கட்டில்ல படுத்துக்கினு பாத்துக்கினேதான் இருந்தேன். எப்பவும் அதையேதான கேப்பாங்க, நாளிக்கிப் பேசிக்கலாம்னு வுட்டுட்டேன்.”

நீ ஒன்றும் செய்யவில்லை அம்மா என்று சொல்லலாம், அப்படிச் சொல்லக் கீதாவுக்கு என்ன யோக்கியதை? நாலு முடிவும் வந்துவிட்டது. இதழ் கவருக்குள் இருந்தது, ஊக்கு துருப்பிடித்துத் தாளோடு ஒட்டிப் போயிருந்தது. அதை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. மத்தியான வெயில் ஏரியில் அடித்தது. வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டாள்:

“சாப்ட்டியா பவித்ரா?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. அந்தப் பக்கம், ஆஸ்பத்திரியிலும் புதைகுழியிலும் வராத அழுகை வந்தது, அடிவயிற்றிலிருந்து, அம்மா அம்மா என்று. அது அடங்க வெகுநேரம் ஆனது.

“இன்னும் இல்ல சித்தி” என்றாள் பவித்ரா.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் வைத்துவிட்டாள். போன் தானாக அணையும்வரை கீதா அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.